வெள்ளாற்று நண்டின் செவுளுக்குள்

அகல் விளக்கும் கொலு பொம்மையும் வேகும் விருத்தாசலத்துச் சூளைகளைத் தாண்டி ஓடும் மணிமுத்தாறு, கூடலையாத்தூரில் வெள்ளாற்றோடு சேர்ந்து பரங்கிப்பேட்டையில் கடலுக்குப் போகிறது. ஐப்பசி, கார்த்திகையில் மேற்கே கொட்டும் மழையும் அந்த முகத்துவாரத்துக்குத்தான் வந்து சேரும். கோடையில் லிட்டருக்கு 35 கிராம் வரை உப்பு இருந்த நீர், பெருவெள்ளம் வந்தால் சில நாட்களிலேயே கிட்டத்தட்ட நன்னீராகிவிடும். மீன்கள் நீந்தித் தப்பலாம். வளைக்குள் கிடக்கும் களி நண்டு என்ன செய்யும்?

உப்புக் குறைந்த நீர் சூழ்ந்ததும் நண்டின் இரத்தத்திலிருந்து உப்பு கசியும், வெளிநீர் உள்ளே புகும், செல்கள் வீங்கத் தொடங்கும். உடனே செல்கள் தம்மிடமுள்ள கிளைசின், புரோலின் போன்ற அமினோ அமிலங்களை வெளியே விடுகின்றன. உள்ளே கரைபொருள் குறைந்தால் நீர் புகுவதும் தணியும். இது முதலுதவி மட்டுமே. நீடித்த வேலை செவுளில் நடக்கிறது. முன்பக்கச் செவுள்கள் பெரும்பாலும் மூச்சுக்கு. பின்பக்கச் செவுள்களின் செல்களிலோ மைட்டோகாண்ட்ரியா நெருக்கமாக நிரம்பியிருக்கும். அங்குள்ள சோடியம்-பொட்டாசியம் பம்பு, ஒவ்வொரு சுற்றிலும் மூன்று சோடியம் அயனிகளை இரத்தத்துக்குத் தள்ளி, இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கும். ஒரு சுற்றுக்கு, செல்லுக்கு ஆற்றல் தரும் ஓர் ஏடிபி மூலக்கூறு செலவு.

இந்தப் பம்பை அறிவியலுக்குக் காட்டிக்கொடுத்ததே ஒரு நண்டுதான். டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கௌ 1957இல் கரைநண்டின் கால் நரம்பில் இதைக் கண்டார். 1997இல் வேதியியல் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. நம் மூளையிலும் சிறுநீரகத்திலும் ஓய்வில்லாமல் இயங்குவது இதே வகைப் பம்பு.

அதற்கும் முன்பே, பின்னாளில் மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆய்வு நிலையத்தை வழிநடத்திய என். கேசவ பணிக்கர், இறால்கள் தம் இரத்தத்து உப்பை எப்படிக் கட்டுப்படுத்துகின்றன என்று ஆராய்ந்து 1940, 1941இல் எழுதினார். வெதுவெதுப்பான நீரில் இறால் வகைகள் குறைந்த உப்பை எளிதாகத் தாங்குகின்றன, வெப்பமண்டலக் கழிமுகங்களில் அவை செழிப்பதற்கு இதுவும் காரணம் என்றார். பள்ளிப் பாடத்தில் இருக்க வேண்டிய பெயர் அது.

ஆனால் வெப்பம் அளவு மீறினால் வேறு கதை. சூளையில் வெந்த களிமண் மறுபடி களிமண் ஆகாது. புரதமும் அப்படித்தான். மடிப்புக் கலைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் மீட்பது கடினம். அதனால் சூடு ஏறியதுமே செல் ‘ஹெச்எஸ்பி 70’ போன்ற வெப்ப அதிர்ச்சிப் புரதங்களைப் பெருக்குகிறது. கலையும் புரதங்களை அவை பிடித்து மீண்டும் மடிக்க உதவுகின்றன. இதற்கும் ஏடிபிதான் வேண்டும்.

சிக்கல் இங்கேதான். ஏடிபி செய்ய ஆக்சிஜன் தேவை. இறால் குளத்தில் விடியலுக்கு முன்தான் ஆக்சிஜன் மிகக் குறைந்து கிடக்கும். உப்பு மாற்றத்தையோ சூட்டையோ தனியாகச் சமாளிக்கும் உயிர், எல்லாம் ஒரே இரவில் கூடினால் வளர்ச்சியைக் கைவிடுகிறது, அடுத்து நோய் எதிர்ப்பையும் தளர்த்துகிறது. 1994 முதல் கிழக்குக் கடற்கரைப் பண்ணைகளைச் சூறையாடிய வெண்புள்ளி நோயின் வைரஸ், வெளியே தெரியாமல் இறாலுக்குள் தங்கியிருக்கக் கூடியது. உடல் தளரும்போது அது தலைதூக்கும். உப்புச் சத்து லிட்டருக்கு 0.5 முதல் 45 கிராம் வரை தாங்கும் என்று புகழப்படும் வன்னமை இறாலுக்கும் இதிலிருந்து விலக்கில்லை. மெல்ல மாறும் நீருக்குத்தான் அந்தத் தாங்கும் எண்கள் பொருந்தும்.

ஆகவே இறால் வளர்ப்போர் பெருமழைக்கு மறுநாள் செத்தவற்றை எண்ணக் காத்திருக்க வேண்டாம். அன்றிரவே ஏரேட்டரை ஓடவிடுங்கள். விடியலில் உப்பையும் ஆக்சிஜனையும் அளந்த பிறகே தீவனத்தில் கைவையுங்கள், அதையும் குறைத்தே போடுங்கள்.