ஒரு சதவீத நீட்சி: அன்றும் இன்றும்

சமையலறை கேஸ் லைட்டரை அழுத்தினால் 'டக்' என்று ஒரு சத்தம், கூடவே ஒரு தீப்பொறி. அதற்குள் பேட்டரி கிடையாது. ஒரு சின்னச் சுத்தியல் உள்ளிருக்கும் செராமிக் உருளையை அடிக்கிறது. அந்த அடியில் பல ஆயிரம் வோல்ட் பிறக்கிறது. அடித்தால் மின்சாரம் தரும் இதே செராமிக், மின்சாரம் கொடுத்தால் நீளும், சுருங்கும். கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் ஸ்கேனில், கருவியின் முனையிலிருந்து ஒலி கிளம்புவது இப்படித்தான். இந்த நீட்சியை இயற்பியலில் திரிபு என்பார்கள். அது படிகத்துக்குள் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், அன்று சொன்ன விடை வேறு, இன்று சொல்லும் விடை வேறு.

கல்லின் காலம்

1880-இல் பாரிஸில் ழாக் கியூரி, பியேர் கியூரி சகோதரர்கள் தூர்மலின், குவார்ட்ஸ், ரோஷல் உப்பு போன்ற படிகங்களை அழுத்தி, அவற்றின் முகங்களில் மின்னூட்டம் தோன்றுவதைக் காட்டினார்கள். எந்தப் படிகத்தை எடுப்பது என்பதில் அவர்களுக்குத் தெளிவு இருந்தது. சமச்சீர் மையம் உள்ள படிகத்தில் இந்த விளைவு வரவே வராது. ஒரு பக்கம் தோன்றும் மின்னூட்டத்தை மறுபக்கம் சரிக்கட்டிவிடும். மின்சாரம் கொடுத்தால் படிகம் நீளவும் வேண்டும் என்று 1881-இல் இயற்பியலாளர் லிப்மன் கணக்குப் போட்டுச் சொன்னார். அதையும் கியூரிகள் செய்து காட்டினார்கள்.

ஆனால் குவார்ட்ஸின் நீட்சி மிகமிகச் சிறியது: ஒரு வோல்ட்டுக்கு சுமார் 2 பைக்கோமீட்டர். ஓர் அணுவின் குறுக்களவில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை. மின்புலத்தில் அணுக்கள் கொஞ்சம் இழுபடும். மின்சாரத்தை நிறுத்தினால் பழைய இடத்துக்கே வந்துவிடும். படிகத்தின் உருவம் மாறாதது, இயற்கை கொடுத்ததுதான் வடிவம் என்பதே அன்றைய எண்ணம்.

சூளையில் பிறந்த படிகம்

1940-களில் போர்க்கால மைக்கா தட்டுப்பாடு. மின்தேக்கிகளில் மைக்காவுக்கு மாற்றுப்பொருள் தேடியபோது அமெரிக்கா, ஜப்பான், சோவியத் ஒன்றியம் மூன்றிலும் தனித்தனியாக பேரியம் டைட்டனேட் கிடைத்தது. அதன் படிக அமைப்பை 1945-இல் பிரிட்டனில் ஹெலன் மெகா எக்ஸ் கதிர் கொண்டு விளக்கினார்.

அதன் அலகுக்கூட்டை, அதாவது படிகத்தில் திரும்பத் திரும்ப அடுக்கப்பட்டிருக்கும் மிகச்சிறிய பெட்டியை, கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். கூட்டின் எட்டு மூலைகளிலும் பேரியம், ஆறு முகங்களின் நடுவிலும் ஆக்சிஜன், மையத்தில் டைட்டானியம். சுமார் 120 டிகிரி செல்சியஸுக்கு மேல் அது சரியான கனசதுரம். அதற்குக் கீழே குளிர்ந்தால் டைட்டானியம் மையத்தை விட்டு ஒரு முகத்தை நோக்கி நகர்கிறது. கூட்டின் ஒரு பக்கம் நேர், மறுபக்கம் எதிர் மின்னூட்டம் ஓங்குகிறது; இதுவே முனைவாக்கம். அந்தத் திசையில் கூடு 4.03 ஆங்ஸ்ட்ராம், மற்ற இரு திசைகளிலும் 3.99. வித்தியாசம் ஒரு சதவீதம்தான். இந்தத் துறை முழுவதும் அந்த ஒரு சதவீதத்தின் மேல்தான் நிற்கிறது.

செராமிக் என்பது கோடிக்கணக்கான குறுமணிகள் தாறுமாறான திசைகளில் ஒட்டிக்கொண்ட கட்டி. ஒன்றின் முனைவாக்கத்தை மற்றொன்று அழித்துவிடும். அதனால் அதில் இந்த விளைவு வராது என்றே நினைத்திருந்தார்கள். வலுவான மின்புலத்தில் வைத்தால் மணிகளுக்குள் இருக்கும் களங்கள் (முனைவாக்கம் ஒரே திசையில் அமைந்த பகுதிகள்) திசை திரும்பி, திரும்பியபடியே நிற்கும் என்பதை 1940-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் கிரே என்ற ஆய்வாளர் காட்டினார். ஆய்வகங்களில் இன்றும் அந்த வேலை நடக்கிறது. பொடியை எடை போட்டு அரைத்து, பெல்லட்டாக அழுத்தி, ஃபர்னஸில் சுட்டு, இரு முகத்திலும் வெள்ளிப் பூச்சிட்டு, சூடான சிலிகான் எண்ணெயில் இறக்கி மின்னழுத்தம் கொடுப்பார்கள். இதற்குப் பெயர் போலிங்.

எல்லைக்கோட்டின் புதிர்

1950-களின் தொடக்கத்தில் டோக்கியோவில் ஷிரானேயும் சவாகுச்சியும் ஈயம், சிர்கோனியம், டைட்டானியம் கலந்த செராமிக்கின் கட்ட வரைபடத்தை, அதாவது எந்தக் கலவையில் எந்தப் படிக அமைப்பு என்று காட்டும் படத்தை, ஆராய்ந்தார்கள். 1954-இல் அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய அலுவலகத்தில் ஜாஃபி குழு அதன் பீசோ திறனை, அதாவது அழுத்தத்தால் மின்சாரமும் மின்சாரத்தால் நீட்சியும் தரும் திறனை, வெளிக்கொணர்ந்தது. அதுதான் பி.இசட்.டி. ஒரு வோல்ட்டுக்குச் சில நூறு பைக்கோமீட்டர் நீளும்.

டைட்டானியம் கூடுதலாக இருந்தால் பி.இசட்.டி. நாற்கோணக அமைப்பு (முகத்தை நோக்கி நீண்ட கூடு), சிர்கோனியம் கூடினால் சாய்சதுர அமைப்பு (மூலையை நோக்கி நீண்ட கூடு). சிர்கோனியம் 52, டைட்டானியம் 48 என்ற விகிதத்துக்கு அருகே இரண்டும் சந்திக்கின்றன. அங்கேதான் விளைவு உச்சம். ஏன்? முதல் அமைப்பில் முனைவாக்கத்துக்கு 6 திசைகள், இரண்டாவதில் 8. எல்லையில் 14 திசைகளும் திறந்திருப்பதால் போலிங் எளிதாகிறது என்பது அன்றைய விடை. பாடநூல்கள் பல பத்தாண்டுகள் அதையே சொல்லின.

1999-இல் நியூயார்க் மாநிலத்தின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் சின்க்ரோட்ரான் என்ற துகள்முடுக்கி தரும் வலுவான எக்ஸ் கதிரால் அதே எல்லையை நோஹெதா குழு மறுபடி பார்த்தது. இரண்டு அமைப்புகளுக்கும் நடுவே ஒற்றைச்சாய்வு அமைப்பு ஒன்று இருப்பதாகத் தெரிந்தது. அதில் முனைவாக்கம் குறிப்பிட்ட திசைகளில் மாட்டிக்கொள்ளாமல் ஒரு தளத்துக்குள் வழுக்கித் திரும்ப முடியும். அந்தக் குழுவில் ஒருவர், அன்று டோக்கியோவில் இதே பொருளை ஆராய்ந்த ஷிரானே. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பிறகு, தானே பங்கெடுத்து வரைந்த வரைபடத்தில் அவரே ஒரு புதிய பகுதியைச் சேர்த்தார். அறிவியலில் இதைவிட உயர்ந்த நேர்மை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் நானோ அளவிலான நாற்கோணகக் களங்கள் சேர்ந்துதான் ஒற்றைச்சாய்வு போன்ற தோற்றம் தருகின்றன என்று வாதிடுவோரும் உண்டு.

உள்ளே பார்க்கும் கண்

அன்று திரிபை வெளியிலிருந்துதான் அளந்தார்கள்: தகடு எவ்வளவு நீண்டது என்ற ஒற்றை எண். இன்று மின்புலம் கொடுத்துக்கொண்டே சின்க்ரோட்ரான் கதிரைச் செலுத்துகிறார்கள். படிகத்தில் சிதறி வரும் எக்ஸ் கதிரின் வரைபடத்தில் ஒரு முகடு இடம் பெயர்ந்தால் கூடே நீண்டிருக்கிறது. இரட்டை முகடுகளில் ஒன்று உயர்ந்து மற்றது தாழ்ந்தால் களங்கள் 90 டிகிரி திரும்பியிருக்கின்றன. புதிய முகடு முளைத்தால் அமைப்பே மாறியிருக்கிறது. ஒரே எண்ணாக இருந்த திரிபு இப்படிக் கணக்குப் பிரிந்துவிட்டது.

களம் ஒன்று முழுதாகத் திரும்பினால் ஒரு சதவீதம் நீள வேண்டும். ஆனால் செராமிக்கில் கைக்கு வருவது சுமார் 0.1 முதல் 0.2 சதவீதம். சுவரில் பதித்த செங்கல் தனியாகத் திரும்ப முடியாததுபோல, ஒவ்வொரு மணியையும் சுற்றியுள்ள மணிகள் பிடித்துக்கொள்கின்றன. அதுவே போதுமானதாகவும் இருக்கிறது. மெல்லிய தகடுகளை 30 மில்லிமீட்டர் உயரத்துக்கு அடுக்கினால் 30 மைக்ரோமீட்டர் அசைவு கிடைக்கும். டீசல் இன்ஜெக்டரின் வால்வைத் திறந்து மூட அது தாராளம்.

ஈயத்துக்குப் பிறகு

பி.இசட்.டி.யின் எடையில் 60 சதவீதத்துக்கு மேல் ஈயம். மின்னணுப் பொருள்களில் ஈயத்தை 2006 முதல் கட்டுப்படுத்திய ஐரோப்பிய ஒன்றியம்கூட, சமமான மாற்று இல்லாததால் இதற்கு விலக்கு அளித்தது. 2004-இல் ஜப்பானின் சைட்டோ குழு நையோபியம் சார்ந்த ஈயமற்ற செராமிக்கை உருவாக்கி நம்பிக்கை தந்தது. பிஸ்மத், சோடியம், டைட்டானியம் சேர்ந்த செராமிக்குகள் மின்புலத்தில் அமைப்பையே மாற்றிக்கொண்டு பெரிய திரிபு தருகின்றன; ஆனால் அதற்கு அதிக மின்புலம் வேண்டும்.

நிலைத்து நிற்கும் அமைப்பில் பெரிய திரிபு கிடைப்பதில்லை; எந்தப் பக்கம் சாய்வது என்று படிகம் முடிவு செய்யாத இடத்தில்தான் கிடைக்கிறது. இத்தனை ஆண்டு ஆராய்ச்சியின் சாரம் இதுவே. ஈயமற்ற செராமிக்கைத் தேடுபவர்களுக்கு இது நல்ல வழிகாட்டி: கலவையைக் குருட்டாம்போக்கில் மாற்றாமல், அத்தகைய எல்லைகளைக் குறிவைத்துத் தேடலாம். அரைக்கவும் சுடவும் வசதியுள்ள எந்தக் கல்லூரி ஆய்வகமும் பெல்லட் செய்யலாம். உள்ளே பார்க்க இந்தூரில் இந்தஸ்-2 சின்க்ரோட்ரான் இருக்கிறது. நம் மாணவர்கள் இந்தத் தேடலில் இறங்க வேண்டும். குழந்தைகள் கையிலெடுக்கும் பொருளில் ஈயம் இருக்கக்கூடாது என்பதற்காகச் செய்யும் ஆராய்ச்சி, செய்பவருக்கும் பெருமை, ஊருக்கும் நன்மை.