அன்றாடம் காணும் பறவைக்கும் ஒரு படம்

மாரி பிறந்தால் மட்டக்களப்பு வாவிக்கு விருந்தாளிகள் வந்துவிடுவார்கள். சுமார் 56 கிலோமீற்றர் நீளமான இவ்வாவியின் ஆழங்குறைந்த ஓரங்களிலும், கண்ணாக்காடுகளின் அருகிலும், நீர் தேங்கிய வயல்களிலும் ஐப்பசி தொடக்கம் பங்குனி வரை நீர்ப்பறவைகளைக் கூட்டங்கூட்டமாகக் காணலாம். வடக்கே சைபீரியா வரையுள்ள நாடுகளில் குஞ்சு பொரித்துவிட்டு, அங்கு குளிர் இறுகும்போது நீலச்சிறகித் தாராக்கள் இங்கு வருகின்றன. சீழ்க்கைத் தாரா, முக்குளிப்பான், நீர்க்காகம், தாழைக்கோழி ஆகியன ஆண்டு முழுவதும் எம்மோடு வாழ்பவை.

கடந்த தை மாதத்தில், இடம்பெயர்ந்து வாழும் விவசாயிகள் மூவருடன் பழைய கமரா ஒன்றை எடுத்துக்கொண்டு கரைக்குச் சென்றோம். விடியற்காலையில் எழுவான்கரையில் நின்று மேற்கே பார்த்தால் வெயில் எமது முதுகுப்பக்கம் இருக்கும். பறவையின் நிறம் தெளிவாக விழும். மாலையில் படுவான்கரையே வசதியானது. குந்தியிருந்து நீர்மட்டத்துக்குச் சமமாகக் கமராவைப் பிடித்தல் நல்லது. பறவை தலையை உயர்த்தினால் நாம் அசையக்கூடாது. இரை தேடும் பறவையைக் கிளப்பிப் பறக்கவிட்டால் படமும் இல்லை, அதற்குத் தீனியும் இல்லை.

சீழ்க்கைத் தாராக் கூட்டமொன்றை நாம் படமெடுத்தபோது முதியவர் சிரித்தார். "என்னத்துக்கு பாதர் இதப் படம் புடிக்கிறீங்க? விதைச்ச நெல்லத் தின்னுற சாமானெல்லோ!" அவர் சொன்னது உண்மைதான். விதைப்புக் காலத்தில் இரவிரவாக வட்டையில் காவல் இருந்தவர் அவர். எனினும் நஞ்சு வைப்பது வழியல்ல. அந்த நஞ்சு வாய்க்காலோடு வாவிக்குப் போகும். பூச்சி தின்னும் கொக்கையும் கொல்லும்.

சாதாரணம் என்று நாம் நினைப்பது எப்போதும் நிலைத்திருப்பதில்லை. இந்தியாவில் ஒருகாலத்தில் எங்கும் காணப்பட்ட வெண்முதுகுக் கழுகுகள் 1990களில் வேகமாக அழிந்தன. மாடுகளுக்குக் கொடுத்த டைக்குளோபெனக் என்ற மருந்தே காரணமென 2004இல்தான் தெரிந்தது. ஆசிய நாடுகளில் 1987 முதல் ஆண்டுதோறும் தை மாதத்தில் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். பொதுவான பறவைகளையும் எண்ணினால்தான் குறைவு தெரியும்.

இதைச் சொன்னபோது முதியவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர் அக்கரையைப் பார்த்தபடி, "90இலயும் 2007இலயும் ஓடினம். எங்கட வளவுக்கோ கிணத்துக்கோ வட்டைக்கோ ஒரு படம் இல்ல. என்னைக்கும் இருக்கும் எண்டுதானே நினைச்சம்" என்றார்.

அதன்பின் கமராவை அவரே வாங்கினார். முதலில் தாராக் கூட்டத்தை எடுத்தார். அடுத்ததாக, அதற்கப்பால் தெரிந்த அக்கரை வயலை எடுத்தார். இரண்டு படங்களின் பின்புறத்திலும் திகதியையும் இடத்தையும் எழுதி அவரிடமே கொடுத்தோம்.

உங்கள் வீட்டிலும் ஒரு கொப்பி இருக்கட்டும். கண்ட பறவை, இடம், நாள், எண்ணிக்கை ஆகியவற்றைப் பிள்ளைகள் எழுதட்டும். கமராவோ கைத்தொலைபேசியோ இருந்தால், பறவையோடு சேர்த்து வயலையும் கிணற்றையும் எடுத்து வையுங்கள்.