பையோடு வளரும் பிள்ளைகள்

குடலின் ஒரு பகுதியை வயிற்றுச் சுவர் வழியாக வெளியே கொண்டுவந்து, அதன் விளிம்பைத் தோலோடு சேர்த்துத் தைத்து, மலம் வெளியேறுவதற்காக அறுவை மருத்துவர் உண்டாக்கும் திறப்புக்கு ஸ்டோமா என்று பெயர். வாய் என்று பொருள்படும் கிரேக்கச் சொல் அது. பெருங்குடலில் அமைத்தால் கொலாஸ்டமி என்றும், சிறுகுடலின் கடைப்பகுதியில் அமைத்தால் இலியாஸ்டமி என்றும் மருத்துவர்கள் வேறுபடுத்துவர். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் புற்றுநோயை ஒட்டி அமைக்கப்படும் இத்திறப்பு, குழந்தைகள் சிலருக்குப் பிறந்த ஓரிரு நாள்களிலேயே தேவைப்பட்டுவிடுகிறது என்பதும், அக்குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அது சில மாதங்களிலோ ஓரிரு ஆண்டுகளிலோ மூடப்பட்டுவிடும் என்பதும் மருத்துவ உலகுக்கு வெளியே அதிகம் அறியப்படாத செய்திகள்.

காரணங்களில் முதன்மையானது மலவாய் உருவாகாமலோ உரிய இடத்தில் திறக்காமலோ குழந்தை பிறப்பது. ஏறத்தாழ 5,000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் இக்குறை காணப்படுகிறது. அடுத்தது, கோபன்ஹேகன் குழந்தை மருத்துவர் ஹரால்டு ஹிர்ஷ்பிரங் 1886இல் விவரித்து, அவர் பெயராலேயே வழங்கும் நோய். குடலின் கடைப்பகுதியில் இருக்க வேண்டிய நரம்பணுக்கள் இல்லாமையால் அப்பகுதி தளர்ந்து வழிவிடாமல் இறுகியே கிடக்க, அதற்கு மேலுள்ள குடல் மலம் தேங்கி ஊதிவிடுகிறது. குறைமாதக் குழந்தைகளின் குடல் அழுகுவதும் மற்றொரு காரணம்.

ஸ்டோமாவின் வரலாற்றில் குழந்தைக்கு முன்னிடம் உண்டு. பிரான்சின் பிரெஸ்ட் துறைமுக நகரில் துரே என்னும் அறுவை மருத்துவர் 1793இல் மலவாயின்றிப் பிறந்த ஒரு சிசுவுக்கு இடது அடிவயிற்றில் குடலைத் திறந்துவிட்டார். மயக்க மருந்தே இல்லாத அக்காலத்தில் பிழைத்த அக்குழந்தை 45 வயது வரை வாழ்ந்ததாகப் பதிவு இருக்கிறது. கழிவைச் சேகரிக்கத் தோலில் ஒட்டி, பின் எறிந்துவிடக்கூடிய பையோ வெகுகாலம் கழித்து, 1954இல்தான் வந்தது. ஸ்டோமாவுக்குப் பின் வெளியே செல்லவே அஞ்சிய தன் சகோதரிக்காக எலிசெ சோரென்சன் என்னும் டேனிஷ் செவிலியர் சிந்தித்ததன் பயன் அது. அதற்கு முந்தைய 160 ஆண்டுகளிலும் பெரும்பாலும் துணியே துணை. வங்கத்து ஏழை வீடுகளில் கைக்குழந்தையின் வயிற்றைச் சுற்றிக் கட்டப்படும் பழந்துணியைக் காணும்போது, அந்தக் காலம் முடிந்துவிட்டதாகச் சொல்லத் துணிவு வருவதில்லை.

கொல்கத்தாவுக்குக் குழந்தை மருத்துவத்தில் பழைய வேர்கள் உண்டு. 1933இல் இந்நகரிலிருந்து இந்தியக் குழந்தை மருத்துவ இதழைத் தொடங்கிய கே. சி. சௌதுரி, 1956இல் குழந்தைகள் நலக் கழகத்தையும் இங்கே நிறுவினார். 1873இல் சியால்டா மருத்துவப் பள்ளியாகத் தொடங்கி 1950இல் நீல் ரத்தன் சர்க்கார் பெயரைப் பெற்ற மருத்துவக் கல்லூரி, முர்ஷிதாபாத், நதியா, 24 பர்கனா மாவட்டங்களின் ரயில்கள் வந்து சேரும் சியால்டா நிலையத்தின் அருகிலேயே நிற்கிறது. மலவாய்க் குறைபாடுகளைப் பற்றி இந்நகரின் குழந்தை அறுவை மருத்துவர் சுபீர் சட்டர்ஜி தம் பட்டறிவைத் திரட்டி எழுதிய நூல் 1991இல் வெளிவந்தது. மெக்சிகோவைச் சேர்ந்த ஆல்பெர்ட்டோ பென்யா 1980இல் வகுத்த முறைப்படி, முதலில் ஸ்டோமா, சில மாதங்கள் சென்றபின் மலவாயை உருவாக்கும் அறுவை, அது ஆறியபின் ஸ்டோமாவை மூடுதல் என மூன்று கட்டங்களாகச் சிகிச்சை அளிப்பது இன்று எங்கும் பரவியுள்ளது. அறுவைக் கூடத்துப் பணி ஒவ்வொரு முறையும் சில மணி நேரத்தில் முடிந்துவிட, கட்டங்களுக்கு இடைப்பட்ட மாதங்கள் முழுவதும் தாயின் கையில் விடப்படுகின்றன. மருத்துவம் அதிகம் எழுதிவைத்திருப்பது அறுவையைப் பற்றி. குழந்தை தேறுவதும் தேறாததும் பெரிதும் அந்த இடைக்காலத்தைப் பொறுத்தது.

தாய்க்கு முதலில் எழும் அச்சம், சிவந்து ஈரமாயிருக்கும் அத்திறப்பைத் தொட்டால் குழந்தைக்கு வலிக்குமோ என்பது. கன்னத்தின் உட்புறத்தைப் போன்ற அத்திசுவில் வலியை உணரும் நரம்புகள் இல்லை. துடைக்கும்போது ஓரிரு துளி இரத்தம் கசிவதும் இயல்பே. ஆனால் அத்திசு கருஞ்சிவப்பாகவோ கறுப்பாகவோ மாறினால், இரத்த ஓட்டம் தடைபட்டிருக்கக்கூடும் என்பதால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். உண்மையில் வலிப்பது சுற்றியுள்ள தோல்தான். சிறுகுடல் கழிவில் செரிமான நொதிகள் இருப்பதால் அது படும் இடம் சில மணி நேரத்திலேயே வெந்துபோகிறது. அறுவைக்குப் பிந்தைய முதல் ஆறு எட்டு வாரங்களில் வீக்கம் வடிந்து ஸ்டோமா சுருங்குவதால், பையைத் தோலோடு பிணைக்கும் ஒட்டுத்தகட்டின் துளையை ஒவ்வொரு முறையும் அளந்து, ஸ்டோமாவைவிடச் சில மில்லிமீட்டர் மட்டுமே பெரிதாக வெட்ட வேண்டும். பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே காலி செய்துவிட வேண்டும். முகப்பவுடர் பூசுவதும் கிருமிநாசினியால் கழுவுவதும் அன்பினால் செய்யப்படும் தவறுகள். வெதுவெதுப்பான தண்ணீரே போதும். கொல்கத்தாவின் ஆடி ஆவணிப் புழுக்கத்தில் ஒட்டுத்தகடு வியர்வையில் சீக்கிரமே கழன்றுவிடுவது வேறு தொல்லை. 1950களில் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ரூபர்ட் டர்ன்புல் என்னும் அறுவை மருத்துவர் தோலைக் காக்கக் கையாண்ட கராயா பிசின், இந்தியாவின் வறண்ட காடுகளில் வளரும் மரத்தில் கசிவது என்பதையும், அதே நாட்டுத் தாய்மாருக்கு இன்றைய ஒட்டுத்தகடு எட்டாப் பொருளாய் இருப்பதையும் இங்கே எண்ணாமல் இருக்க முடியவில்லை.

தோலைவிட நுட்பமானது உப்பின் கணக்கு. உணவிலிருந்து நீரையும் சோடியத்தையும் கடைசியாக மீட்டெடுப்பது பெருங்குடல். இலியாஸ்டமி உள்ள குழந்தையிடம் அந்த வேலை நடைபெறாமல் இரண்டும் பைக்குள் போய்விடுகின்றன. உடலில் சோடியம் குறைந்த சிசு, தேவையான அளவு பால் குடித்தும் எடை கூடாமல் நிற்கும். இரத்தப் பரிசோதனையில் சோடியம் சரியாகவே தெரிந்தாலும், சிறுநீரகங்கள் உப்பைப் பிடித்துவைத்துக்கொள்வதால் சிறுநீரில் அது மிகக் குறைந்திருக்கும். சிறுநீரில் சோடியத்தை அளக்கும் எளிய சோதனை, பால் போதவில்லை என்று தாயைக் குறை கூறும் உறவினர் வாயை அடைக்கவும் உதவும்.

குடலுக்கும் உப்புநீருக்கும் உள்ள உறவை உலகுக்குத் தெளிவுபடுத்தியதில் கொல்கத்தாவின் பங்கு பெரிது. காலராக் கிருமி சுரக்கும் நஞ்சே குடல் நீரை வெளியே இழுக்கிறது என்பதை முயலின் குடலைக் கொண்டு சம்புநாத் டே 1959இல் இங்கே மெய்ப்பித்தார். குழந்தைகள் நலக் கழகத்தோடு தொடர்புடைய திலீப் மகலனாபிஸ், 1971இல் எல்லையோரப் பங்காவ் அகதி முகாமில் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் குடிக்கச் செய்து, காலராச் சாவை 30 விழுக்காட்டளவிலிருந்து 4 விழுக்காட்டுக்கும் கீழே இறக்கினார். குளுக்கோஸ் குடற்சுவருக்குள் நுழையும்போது சோடியத்தையும் கூட்டிச்செல்ல, நீர் அதைத் தொடர்கிறது என்பதே அதன் அடிப்படை. வளர்ந்த பிள்ளையின் இலியாஸ்டமிக் கழிவு மிகும் நாள்களில், வெறும் தண்ணீரைக் குறைத்து, மருத்துவர் சொல்லும் அளவில் உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கொடுப்பதும் அதே அடிப்படையில்தான். தெருமுனையில் கிடைக்கும் இளநீர் அதற்கு ஈடாகாது. அதில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு.

பள்ளி வயதை எட்டியும் திறப்போடிருக்கும் பிள்ளைகள் எண்ணிக்கையில் குறைவு. அவர்கள் படும் துன்பமோ குறைவன்று. ஓசையும் வாடையும் சகமாணவருக்குத் தெரிந்துவிடுமோ என்ற கலக்கத்தால் காலை உணவைத் தவிர்ப்பது, விளையாட்டு வகுப்பில் ஒதுங்கி நிற்பது, துர்கா பூஜைக் கூட்டத்துக்குள் போக மறுப்பது என அது பல வடிவம் கொள்கிறது. தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள கழிப்பறை, கைகூப்பிக் கெஞ்சாமல் வகுப்பிலிருந்து எழுந்துபோகும் உரிமை, செய்தி அறிந்த ஓர் ஆசிரியர், புத்தகப்பையில் ஒரு மாற்றுடை ஆகியவை இருந்தால் ஓடுவதற்கும் நீந்துவதற்கும்கூடத் தடையில்லை. யாரிடம் சொல்வது என்பதைப் பிள்ளையே முடிவு செய்ய வேண்டும். மலவாய் அமைத்தபின்னும் மலத்தை அடக்க இயலாதவர்களுக்காக, குடல்வாலை வயிற்றுத்தோலில் சிறு துளையாகத் திறந்து, அதன்வழி நீர் செலுத்திக் குடலைக் கழுவும் முறையை இங்கிலாந்தின் மலோன் என்னும் அறுவை மருத்துவர் 1990இல் வெளியிட்டார். பைக்குப் பயந்த பிள்ளைக்குப் பையில்லாத ஒரு ஸ்டோமாவே சுத்தமான பள்ளிநாளைத் தருகிறது. இத்தனையும் பழகிய பிள்ளை, அரசு மருத்துவமனைகளில் வழக்கமாகப் 12 வயதோடு குழந்தைப் பிரிவை விட்டு நீங்கி, பிறவிக் குறைகளை அரிதாகவே காணும் பெரியவர் பிரிவுக்குப் போக நேர்வது தொடர்சிகிச்சையின் பெரிய இடைவெளி.

ஒட்டுத்தகடும் பையும் சேர்ந்து சில நூறு ரூபாய் ஆகிறது. மாதம் பல முறை மாற்ற வேண்டும். மேற்கு வங்கத்தின் சுவாஸ்த்ய சாத்தி போன்ற காப்பீடுகள் மருத்துவமனைச் சிகிச்சையை முன்னிட்டு அமைந்தவை. கடையில் மாதந்தோறும் வாங்கும் பை வேறு வகைச் செலவு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வரிசைப்படுத்திய 21 வகைகளிலும் ஸ்டோமா இடம்பெறவில்லை. சட்டமும் விலையும் மாறுவதற்குக் காலமாகலாம். அதுவரை, தாய் தன் கையாலேயே இரண்டு முறையேனும் பையை மாற்றிக் காட்டும் வரை எந்தக் குழந்தையையும் வீட்டுக்கு அனுப்புவதில்லை என்று ஒவ்வொரு குழந்தை அறுவைப் பிரிவும் வழக்கப்படுத்திக்கொள்ளலாம். அதற்கு வேண்டியது ஒரு செவிலியரின் அரைமணி நேரம்.