ஹைபிரிட் காருக்கு மட்பிளாப்: வாங்குவதும் மாட்டுவதும்

காருக்கு மட்கார்டு வேணும் என்று கள்ளக்குறிச்சியில் போய்க் கேட்டால் கடைக்காரர் பெரும்பாலும் மட்பிளாப்பைத்தான் எடுத்துக் காட்டுவார். சக்கரத்துக்குப் பின்னால் தொங்கும் மடல். இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான். இயற்கை விவசாயப் பத்திரிகையில் காருக்கு என்ன வேலை என்று சிலருக்குத் தோணலாம். நம்ம குழுவிலேயே கொல்லைக்குக் காரில் போய்வருகிறவர்கள் இப்போது பலர். விதை மூட்டை, காய்கறிக் கூடை, மீன் அமிலக் கேன் எல்லாம் அதில்தான் வருகிறது. அதோடு, சக்கரம் வாரி வீசும் சேறு பெயின்ட்டை மட்டும் கெடுப்பதில்லை. ஒருத்தர் நிலத்து மண்ணை இன்னொருத்தர் நிலத்துக்குச் சுமந்து போகிறது. அதற்குப் பிறகு வருகிறேன், முதலில் காரைப் பார்த்துவிடுவோம்.

நான் ஓட்டுவது ஹைரைடர் ஸ்ட்ராங் ஹைபிரிட். கிராண்ட் விட்டாரா ஹைபிரிட்டும் உள்ளே இதே அமைப்புதான். 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், கூடவே ஒரு மின் மோட்டார், டிக்கிப் பக்கம் அடியில் 177.6 வோல்ட் பேட்டரி. நம் மோட்டார் கொட்டகையில் சிங்கிள் பேஸ் கரண்ட் 230 வோல்ட் என்பதை நினைத்துப் பாருங்கள், அதற்கு ரொம்பக் குறைந்ததல்ல இது. இன்ஜின் முன்னால், பேட்டரி பின்னால். ஆகவே இரண்டையும் இணைக்கும் தடித்த கேபிள் வண்டியின் தரைக்கு அடியில் ஓடுகிறது. ஆரஞ்சு நிற உறை போட்டிருக்கும். ஆரஞ்சு என்றால் உயர் மின்னழுத்தம், தொடாதே என்று அர்த்தம். இன்னோவா ஹைகிராஸில் பேட்டரி முன் சீட்டுகளுக்கு அடியில் இருக்கிறது, கேபிள் பாதையும் மாறும். எந்த வண்டியானாலும் அடியில் கை வைக்குமுன் ஆரஞ்சு எங்கே போகிறது என்று டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள்.

இதனால்தான் டிரில் மிஷின் வேண்டாம் என்கிறேன். "ஒரே ஒரு ஓட்டை சார், அஞ்சு நிமிஷம்" என்று கடைப் பையன் சொல்வான். சக்கர வளைவுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் உறைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் வேகம் அளக்கும் சென்சார் வயர் அந்தப் பக்கம்தான் வருகிறது. ஏபிஎஸ் பிரேக் அதை நம்பித்தான் வேலை செய்கிறது. ஹைபிரிட்டில் மோட்டார் பிரேக்கையும் சாதா பிரேக்கையும் பங்கிடுவதற்கும் அந்தக் கணக்கு வேண்டும். தகட்டில் போட்ட ஓட்டையில் பெயின்ட் போய்விடும், மழைத் தண்ணீரும் சாணக் கரைசலும் பட்டால் துரு பிடிக்கும். வங்கியில் வேலை பார்த்த பழக்கம், எந்தக் காகிதத்திலும் பொடி எழுத்தை முதலில் படிப்பேன். ஹைபிரிட் பேட்டரிக்கு 8 வருஷம் அல்லது 1,60,000 கி.மீ. வாரன்டி தருகிறார்கள். அனுமதியில்லாத மாற்றத்தால் வந்த பழுதுக்குப் பொறுப்பில்லை என்பதும் வாரன்டிகளில் வழக்கமாக வரும் வரிதான். சில நூறு ரூபாய் சாமானுக்காக அந்த வழக்கை நாம் விலைக்கு வாங்க வேண்டாம்.

அப்போ எதை வாங்குவது? அந்தந்த மாடலுக்கென்றே அச்சில் வார்த்த செட் வாங்குங்கள். வண்டியில் ஏற்கெனவே இருக்கிற திருகுகளிலேயே அது உட்காரும். எல்லா வண்டிக்கும் பொது என்று விற்பது பெரும்பாலும் ஓட்டை போட்டால்தான் நிற்கும். கெட்டிப் பிளாஸ்டிக் மடல் பார்க்க அழகு, ஆனால் வரப்போரம் ஒரு கல்லில் இடித்தால் விரிசல் விடும். வெயிலில் வருஷக்கணக்கில் நின்றால் இன்னும் நொறுங்கும். கடையில் கையால் மடக்கிப் பாருங்கள், மடங்கித் திரும்பி வருவதுதான் நம்ம வண்டிப்பாதைக்கு ஆகும். பழைய கன்வேயர் பெல்ட்டை வெட்டி மாட்டலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். டிராக்டர் டிரெய்லருக்குத் தாராளமாக மாட்டலாம். காருக்கு அந்த எடை ஆகாது, குண்டும் குழியுமான பாதையில் ஆடி ஆடிப் பிளாஸ்டிக் உறையையே கிழித்துக்கொண்டு வரும்.

அளவு விஷயத்தில் பெரிசு வாங்கினால் நல்லது என்று நினைக்கிறவர்கள் அதிகம். எனக்கு அதில் உடன்பாடில்லை. முன் சக்கரத்து மடல் குட்டையாகவே இருக்கட்டும். ஸ்டீயரிங்கை ஒடித்தால் சக்கரம் அதன் மேல் உரசும், வரப்பை ஒட்டி ரிவர்ஸ் எடுக்கும்போது நீளமான மடல் டயருக்கும் மண்ணுக்கும் நடுவில் சிக்கிப் பிய்ந்துபோகும். பின் சக்கரத்துக்கு மட்டும் டயரின் முழு அகலத்தை மறைக்கிற மாதிரி பாருங்கள். கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலை ஏறும்போது வளைவுகளில் ஓரத்துச் சரளையில் சக்கரம் இறங்கும். பின்னாலேயே பைக்கில் வருகிறவர் முகத்துக்குத்தான் அந்தக் கல் போகும். சைடில் எவ்வளவு அகலம் வேணும் என்பதைக் கண்டுபிடிக்க எளிய வழி, மழை பெய்த மறுநாள் மடல் இல்லாமலே கொல்லைக்கு ஒரு நடை போய்வந்து, கதவுக்குக் கீழே சேறு எங்கே கோடு போட்டிருக்கிறது என்று பார்ப்பதுதான். அந்தக் கோடு மறைந்தால் போதும்.

தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதைக் காலி வண்டியில் அளக்காதீர்கள். நாலு பேரை உட்கார வைத்து, டிக்கியில் வழக்கமாக ஏற்றுகிற பாரத்தையும் வைத்து அளங்கள். அப்போதும் பின் மடலின் அடிவிளிம்பு தரையிலிருந்து ஆறேழு அங்குலம் மேலே நிற்க வேண்டும். இன்னொன்று, முன் சக்கரத்துக்கு முன்னால் அடியில் சின்னதாக ஒரு பட்டை தொங்கும். வேகத்தடையில் உரசுகிறது என்று சிலர் அதை வெட்டிவிடுகிறார்கள். அது காற்றைச் சக்கரத்தை விட்டு ஒதுக்குவதற்காக வைத்தது. லிட்டருக்கு 27.97 கி.மீ. என்று கம்பெனி சொல்லும் கணக்கை நம்பிக் கூடுதல் விலை கொடுத்து வாங்கிவிட்டு, காற்றை எதிர்க்கிற மாதிரி அகல மடல் மாட்டுவதும் அந்தப் பட்டையை வெட்டுவதும் எந்த ஊர் நியாயம்?

மாட்டுவதை வீட்டிலேயே செய்யலாம், ஒரு மணி நேர வேலை. சமதரையில் வண்டியை நிறுத்தி சுவிட்சை அணையுங்கள். ஹைபிரிட்டில் ரெடி விளக்கு எரிந்தால் வண்டி சத்தமில்லாமல் நின்றாலும் உயிரோடு இருக்கிறது என்று பொருள், பேட்டரி இறங்கினால் இன்ஜின் தானே ஓடத் தொடங்கும். அதனால் அணைத்த பிறகு சாவியை வீட்டுக்குள் கொடுத்துவிடுங்கள், பேரப்பிள்ளை கையில் வேண்டாம். ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி வைத்தால் முன் சக்கரத்துக்குப் பின்னால் கை போகும், வண்டியைத் தூக்க வேண்டியதில்லை. வளைவின் உட்பக்கத்தைக் கழுவிக் காயவிட்டு, இருக்கிற திருகைக் கழற்றி, மடலை வைத்து, அதே திருகைப் போடுங்கள். எல்லாத் திருகையும் பாதி இறுக்கி, நேராக இருக்கிறதா பார்த்துப் பிறகு முழுசாக இறுக்குவது நல்லது. மடலின் விளிம்பு பெயின்ட்டைத் தொடும் இடத்தில் முதலிலேயே ஒரு ஒட்டும் பிலிம் ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் நடுவில் மணல் புகுந்து, அதிர்வில் உப்புத்தாள் போட்ட மாதிரி பெயின்ட்டைத் தேய்த்துவிடும். முடித்ததும் இரண்டு பக்கமும் முழு ஒடிப்பு ஒடித்துப் பார்க்க வேண்டும். ஒரு வாரம் கொல்லைக்குப் போய்வந்த பிறகு திருகுகளை மறுபடி ஒரு தடவை இறுக்கிவிடுங்கள்.

இப்போது மண்ணுக்கு வருகிறேன். மடல் மாட்டினால் சேறு மறைந்து போவதில்லை, மடலின் உட்பக்கமும் சக்கர வளைவிலும் அப்பிக்கொள்கிறது. பிஜிஎஸ் சான்றுக்காக நாம் ஒருத்தர் நிலத்தை ஒருத்தர் ஆய்வு செய்யப் போகிறோம். ஒரு குழுவுக்குக் குறைந்தது ஐந்து பேர், ஒரே நாளில் மூன்று நான்கு கொல்லை. அடிவாரத்து மஞ்சள் கொல்லையில் கிழங்கழுகல் இருந்தால் அந்தப் பூஞ்சாணம் மண்ணோடு அடுத்த கொல்லைக்கு வரும். பார்த்தீனிய விதையும் அப்படித்தான் பரவுகிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் டல்லி பகுதியில் 2015-ல் வாழைக்கு வரும் பனாமா வாடலின் டிஆர்4 வகையைக் கண்டபோது, தோட்ட வாசலிலேயே வண்டியைக் கழுவித் தொற்று நீக்கிய பிறகுதான் உள்ளே விடுவது, வெளியே விடுவது என்று ஆக்கினார்கள். அந்தப் பூஞ்சாணம் மண்ணில் பல்லாண்டு உயிரோடு கிடக்கும். பீகாருக்கும் அது வந்துவிட்டது. மருந்தடித்துச் சமாளிக்கலாம் என்று நினைக்கவே இடமில்லாத நமக்கு, வராமல் பார்ப்பது ஒன்றுதான் வழி.

ஆகவே ஈர நிலத்தில் வண்டியை உள்ளே ஓட்டாமல் தார் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்து போவது உத்தமம். ஓட்டியே ஆக வேண்டும் என்றால், வெளியே வரும்போது அந்தக் கொல்லை வாசலிலேயே ஒரு குச்சியால் மடலின் உட்புறச் சேற்றைச் சுரண்டிப் போட்டு, இரண்டு குடம் தண்ணீரும் தென்னந் துடைப்பமும் கொண்டு கழுவிவிடுங்கள். பிரஷர் பம்பு வைத்தால் சக்கர வளைவோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அடியில் ஆரஞ்சு கேபிள் இணைப்புகள் மேல் பீய்ச்ச வேண்டாம். கழுவிய தண்ணீர் வாய்க்காலில் இறங்கக் கூடாது. எப்போதும் ஒரே இடத்தில் கழுவினால் அங்கே முளைக்கிற பார்த்தீனியம் சீக்கிரம் கண்ணில் படும், பூப்பதற்கு முன் பிடுங்கிவிடலாம்.