நாலு கட்டம் – 9: கார்ச்சாம்ப் கையில் என்ன இருக்கிறது?

சென்ற வாரம் ஸ்கார்மரியைப் பற்றிப் பேசினோம். அந்த இரும்புச் சிறகுப் பறவை களத்தில் இறங்கியதுமே எதற்கு வந்திருக்கிறது என்று எதிராளிக்குத் தெரிந்துவிடும். தரையில் முள் பரப்பும், அடி வாங்கும், ரூஸ்ட் போட்டுத் தேறிக்கொள்ளும், எதிரே நிற்பதை ஊதி வெளியே தள்ளும். தெரிந்தும் தடுக்க முடியாது என்பதே அதன் பலம். இந்த வாரம் எடுத்துக்கொண்ட விலங்கு அதற்கு நேர்மாறு. கண்ணெதிரே நிற்கும், ஆனால் எதற்கு நிற்கிறது என்று எதிராளிக்குப் பிடிபடாது. பிடிபடும்போது பெரும்பாலும் ஆட்டம் கை மாறியிருக்கும்.

கார்ச்சாம்ப். டிராகனும் நிலமும் கலந்த வகை. 2006 செப்டம்பரில் ஜப்பானில் வெளிவந்த போகிமான் டயமண்ட், பேர்ல் ஆட்டங்களில் பிறந்தது. ஹொக்கைடோ தீவை மாதிரியாக வைத்து வரைந்த சின்னோ நிலத்தில், சைக்கிள் பாதைக்கு அடியில் ஒளிந்திருக்கும் ஒரு குகைவாசலைத் தேடிக் கண்டுபிடித்தால் இதன் குட்டியான கிபிள் கிடைக்கும். 24ஆம் லெவலில் கபைட் ஆகும். 48ஆம் லெவலில்தான் கார்ச்சாம்ப். அவ்வளவு தூரம் வளர்க்கப் பொறுமை வேண்டும். நான் முதலில் வளர்த்த கார்ச்சாம்புக்கு, நான்கு மூவ் கட்டத்துக்கும் கிடைத்தவற்றில் பலமானவற்றைப் பார்த்துப் பார்த்துக் கொடுத்தேன். நான்கும் அடி. கதையை அதை வைத்தே முடித்தேன். பிறகு நண்பனோடு மோதினேன். அவனுடைய ஸ்கார்மரி ஒன்றே அதை நிறுத்திவிட்டது. அன்று இரவு நோட்டை எடுத்து உட்கார்ந்தவன்தான்; இந்தத் தொடரின் முதல் பக்கம் அங்கே எழுதப்பட்டது என்று சொல்லலாம்.

கதையில் கடைசியாக எதிர்ப்படும் சாம்பியன் சிந்தியாவின் கார்ச்சாம்பைப் பாருங்கள். 2006இல் அதனிடம் கிகா இம்பேக்ட் இருந்தது. 150 பலம் கொண்ட அடிதான். ஆனால் அடித்த மறு சுற்றில் அசையாமல் நிற்க வேண்டும். மனிதரோடு மோதுகிறவர் எவரும் அதை வைக்க மாட்டார். 2021 நவம்பரில் அந்த ஆட்டங்கள் புதுப்பித்து வந்தபோது, அதே சிந்தியாவின் கார்ச்சாம்ப் ஸ்வோர்ட்ஸ் டான்ஸ் ஆடியது. கையில் பனி அடியைப் பாதியாக்கும் யாச்சே பெர்ரி வைத்திருந்தது. 15 ஆண்டுகளில் ஆட்டக்காரர்கள் தோற்றுத் தோற்றுக் கற்ற பாடம் அது. அதைக் கதையின் சாம்பியனே கையில் எடுத்துக்கொண்டு எதிரே நின்றதைப் பார்த்தபோது எனக்குச் சிலிர்த்தது.

இனி எண்களுக்கு வருவோம். உயிர் 108, தாக்குதல் 130, தற்காப்பு 95, சிறப்புத் தாக்குதல் 80, சிறப்புத் தற்காப்பு 85, வேகம் 102. எல்லோரும் முதலில் 130ஐப் பார்ப்பார்கள். நான் பார்க்கச் சொல்வது 102ஐ. கார்ச்சாம்ப் வந்த காலத்தில் சாலமென்ஸ், ஜாப்டோஸ், ஜிராச்சி, செலபி என்று பெருங்கூட்டம் ஒன்று சரியாக 100 வேகத்தில் நின்றிருந்தது. முழுப் பயிற்சியும் வேகத்தைக் கூட்டும் ஜாலி நேச்சரும் கொடுத்தால், 100ஆம் லெவலில் அந்தக் கூட்டத்தின் வேகம் 328, கார்ச்சாம்புக்கு 333. ஐந்து புள்ளிதான் வித்தியாசம். ஆனால் இந்த ஆட்டத்தில் யார் முந்துகிறார் என்பதற்கு அரைகுறை விடை கிடையாது. ஒரு புள்ளி கூடினாலும் முதல் அடி உன்னுடையது.

நேச்சரைத் தேர்ந்தெடுப்பதும் இங்கிருந்தே தொடங்குகிறது. அடமன்ட் கொடுத்தால் தாக்குதல் 359இலிருந்து 394 ஆகும். வேகம் 303இல் நின்றுவிடும். அந்த 100 வேகக் கூட்டம் முழுதும் ஜாலியாகவோ டிமிடாகவோ வந்தால் நம்மை முந்திவிடும். பத்தில் ஒரு பங்கு கூடுதல் அடிக்காக அதை விட்டுக்கொடுப்பதா? வேகம் கூட்டும் சாய்ஸ் ஸ்கார்ஃப் கட்டாத கார்ச்சாம்புக்கு நான் எப்போதும் ஜாலிதான் கொடுக்கிறேன். இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

மூவ்களில் எர்த்க்வேக் பற்றி விவாதம் வேண்டாம். 100 பலம், தவறாத குறி, சொந்த வகை என்பதால் ஒன்றரை மடங்கு. அதை எடுத்துவிட்டால் அது கார்ச்சாம்ப் இல்லை. விவாதம் மிச்சமிருக்கும் மூன்று கட்டத்தில்தான்.

டிராகன் வகை அடியை அந்தக் காலத்தில் இரும்பு வகை மட்டுமே தாங்கும். இரும்பையோ எர்த்க்வேக் உடைத்துவிடும். ஆக, இந்த இரண்டு அடியையும் ஒருசேரத் தாங்க வேண்டுமானால் இரும்பாகவும் இருக்க வேண்டும், தரையைத் தொடாமலும் இருக்க வேண்டும். அப்படிப் போட்டிக்களத்தில் அடிக்கடி நின்றவை இரண்டு: பறக்கும் ஸ்கார்மரி, மிதக்கும் பிரான்சாங். இரண்டுக்கும் நெருப்பு ஆகாது. அதனால்தான் மூன்றாம் கட்டத்தில் ஃபயர் ஃபாங் அல்லது ஃபயர் பிளாஸ்ட் வந்தது. சிறப்புத் தாக்குதல் 80 மட்டுமே உள்ள விலங்குக்கு ஃபயர் பிளாஸ்டா என்று புதியவர்கள் கேட்பார்கள். ஸ்கார்மரியின் தற்காப்பு 140, சிறப்புத் தற்காப்பு 70. சுவரின் மெலிந்த பக்கத்தில் இடிக்க வேண்டுமானால் பலவீனமான கையும் போதும். என் நண்பனின் ஸ்கார்மரிக்கு முன்னால் நான் அன்று திணறியதற்குக் காரணம் இதுதான். நான்கு அடி இருந்தது; அந்தப் பறவைக்கான அடி இல்லை.

கார்ச்சாம்பின் உண்மையான மதிப்பு ஒரு குறிப்பிட்ட சுற்றில்தான் வெளிப்படும். அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். எதிராளியிடம் மின்சார வகை ஜோல்ட்டியன் நிற்கிறது. தண்டர்போல்ட் அடிக்கப் போகிறது என்று கணித்து, நாம் கார்ச்சாம்பை உள்ளே இறக்குகிறோம். நில வகைக்கு மின்சாரம் படாது, அடி வீணாகிறது. இப்போது எதிரெதிரே இரண்டும். ஜோல்ட்டியன் எர்த்க்வேக்கைத் தாங்காது என்பதால் எதிராளி அதை வெளியே எடுக்கத்தான் நினைப்பார். அந்த ஒரு சுற்று நமக்குச் சும்மா கிடைக்கிறது.

அதில் என்ன செய்வோம்? ஸ்வோர்ட்ஸ் டான்ஸ் ஆடித் தாக்குதலை இரட்டிப்பாக்கலாம். ஸ்டெல்த் ராக் போட்டுக் கற்களைக் காற்றில் மிதக்கவிடலாம். அதன் பிறகு உள்ளே வரும் ஒவ்வொன்றும் வகையைப் பொறுத்து அடி வாங்கும், சாரிசார்டு போன்றவை பாதி உயிரையே இழக்கும். உள்ளே வரப்போவது யாரென்று ஊகித்து டிராகோ மீட்டியர் வீசலாம். அல்லது சாய்ஸ் ஸ்கார்ஃப் கட்டியிருந்தால் 333 வேகம் 499 ஆகிவிடும். ஜோல்ட்டியனே ஓட முடியாமல் மாட்டும், ஆனால் தேர்ந்தெடுத்த மூவிலேயே நாமும் கட்டுண்டு கிடப்போம். எதிராளி இவற்றில் எதை எதிர்பார்த்து யாரை உள்ளே அனுப்புவார்? ஸ்வோர்ட்ஸ் டான்ஸுக்கு எதிரான சுவரை அனுப்பினால் கல் விழும். கல்லை எதிர்பார்த்து மெத்தனமாக இருந்தால் டான்ஸ் நடந்துவிடும். துருப்பைக் கவிழ்த்து வைத்து ஆடும் சீட்டாட்டம் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. மேசையில் கவிழ்ந்து கிடக்கும்வரை அந்த ஒற்றைச் சீட்டு நான்கு சாதியாகவும் இருக்கிறது.

சில ஜோல்ட்டியன்கள் ஓடாது. ஹிட்டன் பவர் ஐஸ் வைத்துக்கொண்டு காத்திருக்கும். பனி என்றால் கார்ச்சாம்புக்கு நான்கு மடங்கு வலி. அடியைக் கூட்டும் லைஃப் ஆர்ப் ஏந்திய ஜோல்ட்டியன் அதை அடித்தால் 357 உயிரும் ஒரே அடியில் போய்விடும். யாச்சே பெர்ரி கையில் இருந்தால் அடி பாதியாகும். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு உயிர் போகும், ஆனால் நிற்கும். நின்று, ஆடி முடித்த ஸ்வோர்ட்ஸ் டான்ஸோடு திருப்பி அடிக்கும். எதிராளி தன்னிடம் இருந்த ஒரே மருந்தை வீணாக்கிவிட்டார். இப்படி வீழ்ந்த அணிகள் கணக்கில் அடங்காமல் போகவே, ஸ்மோகன் ஆட்டக்காரர் சமூகம் நான்காம் தலைமுறையில் கார்ச்சாம்பைப் பொதுக் களத்திலிருந்து விலக்கி, ஊபர்ஸ் என்ற பெருந்தெய்வங்களின் வரிசைக்கு அனுப்பியது. மணற்புயலில் இதன் சாண்ட் வெயில் திறனால் ஐந்தில் ஓர் அடி தவறிப்போவதும் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஆனது. திறமைக்குக் கட்டுப்படாத அந்த அதிர்ஷ்டத்தை நான் வெறுக்கிறேன். விலக்கியது சரிதான்.

பிறகு வந்த ரஃப் ஸ்கின் திறன் வேறொரு கார்ச்சாம்பைப் படைத்தது. தொட்டு அடிப்பவரின் உயிரில் எட்டில் ஒரு பங்கைத் தோல் கிழித்துவிடும். ராக்கி ஹெல்மெட்டும் மாட்டினால் கூடுதலாக ஆறில் ஒரு பங்கு. இரண்டும் சேர்ந்து கால் பங்குக்கும் மேல். 252 ஈவியை (பயிற்சிப் புள்ளியை) உயிரில் போட்டு 420 ஆக்கி, ஸ்டெல்த் ராக், டாக்சிக், டிராகன் டெயில் கொடுத்தால் அடிக்க வந்தவர்தான் தேய்வார். ஆட்டக்காரர்கள் இதற்கு டேங்க்சாம்ப் என்று பெயர் வைத்தார்கள். டிராகோ மீட்டியரும் எர்த்க்வேக்கும் கலந்த பழைய செட்டுக்குச் செயின்சாம்ப் என்று பெயர். ஒரே விலங்குக்கு ஆளுக்கொரு பட்டப்பெயர் வைக்க வேண்டியிருந்தது என்பதிலேயே விஷயம் இருக்கிறது.

2013இல் எக்ஸ், வை ஆட்டங்களோடு ஃபேரி வகை வந்து கணக்கை மாற்றியது. ஃபேரிக்கு டிராகன் அடி படவே படாது. டிராகன் அடியான அவுட்ரேஜ் 120 பலம் கொண்டது. இரண்டு மூன்று சுற்று விடாமல் அடித்துவிட்டுக் குழம்பிப்போகும். அந்தப் பூட்டுக்குள் இருக்கும்போது எதிராளி ஒரு ஃபேரியை இறக்கினால் நம் கார்ச்சாம்ப் காற்றை அடித்துக்கொண்டு நிற்கும். அதுவரை கேள்வி இல்லாமல் டிராகன் அடிக்கென்று இருந்த இரண்டாம் கட்டம் ஆடத் தொடங்கியது. பலர் 80 பலமே உள்ள டிராகன் கிளாவுக்கு இறங்கினார்கள். சிலர் டிராகன் அடியையே கைவிட்டு ஸ்டோன் எட்ஜ் வைத்தார்கள். டோகெகிஸ் ஃபேரியாகவும் பறவையாகவும் இருப்பதால் எர்த்க்வேக், டிராகன் இரண்டும் அதற்குப் படாது, கல் படும். பாய்சன் ஜாப் வைத்தவர்கள் இன்னொரு ஃபேரியான கிளெஃபேபிளை மனதில் வைத்திருந்தார்கள். யாருக்கு அஞ்சுகிறோம் என்பதை நான்காம் கட்டம் காட்டிக்கொடுத்துவிடும்.

அதே ஆண்டு மெகா கார்ச்சாம்பும் வந்தது. தாக்குதல் 170. படித்ததும் துள்ளினேன். அடுத்த வரியில் வேகம் 92 என்று இருந்தது. அந்த 100 வேகக் கூட்டத்துக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும். அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. மெகா கல்லை வைத்தால் ஸ்கார்ஃப் இல்லை, ஹெல்மெட் இல்லை, பெர்ரி இல்லை. உருமாறிய நொடியில் துருப்பு திரும்பிவிடுகிறது. சாதாரண கார்ச்சாம்பையே பலர் தொடர்ந்து வைத்திருந்ததற்கு எனக்குத் தெரிந்த விளக்கம் இதுதான்.

இருவர் இருவராக மோதும் அதிகாரபூர்வப் போட்டிகள் தனி உலகம். அங்கே எர்த்க்வேக் பக்கத்தில் நிற்கும் நம் தோழனையும் குலுக்கும். அதனால் துணையைத் தேர்ந்தெடுப்பதும் மூவ்செட்டின் ஒரு பகுதி ஆகிறது. 2014இல் வாஷிங்டனில் உலகப் பட்டம் வென்ற தென்கொரியாவின் செஜுன் பார்க்கை எல்லோரும் பச்சிரிசு என்ற சின்னஞ்சிறு அணிலுக்காக நினைவில் வைத்திருக்கிறார்கள். அதே அணியில் ஒரு கார்ச்சாம்பும் இருந்தது. நில அதிர்ச்சி தொடாத டாலன்ஃபிளேமும் கூடவே இருந்தது. அணிலின் ஃபாலோ மீ எதிரிகளின் அடியைத் தன் மேல் இழுத்துக்கொள்ளும். பனியோ ஃபேரியோ, கார்ச்சாம்புக்குக் குறிவைத்த அடியை அது வாங்கும். கார்ச்சாம்பின் பலவீனத்துக்கான மருந்து கார்ச்சாம்பின் நான்கு கட்டத்துக்கு வெளியே, இன்னொரு விலங்கின் கட்டத்தில் இருக்கலாம் என்று நான் கற்றது அந்த அணியைப் பார்த்துத்தான்.

2023 பருவத்திலிருந்து அதிகாரபூர்வப் போட்டிகளில் இரு தரப்பும் அணிப் பட்டியலைத் திறந்து காட்ட வேண்டும். மூவ், ஐட்டம், திறன் எல்லாம் எதிராளிக்குத் தெரியும். ஈவியும் நேச்சரும் மறைந்தே இருக்கும். அப்படியானால் கார்ச்சாம்பின் மர்மம் செத்துவிட்டதா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். பாதி உண்மை. ஸ்கார்ஃபை மறைக்க முடியாது. ஆனால் ஸ்கார்லெட், வயலட் ஆட்டங்களில் டெரா என்ற ஏற்பாடு இருக்கிறது. ஆட்டத்துக்கு ஒரு முறை ஒரு விலங்கு தன் வகையை மாற்றிக்கொள்ளலாம். இரும்பாக மாறினால் கார்ச்சாம்பை வாட்டிய பனி, டிராகன், ஃபேரி மூன்றையும் அது தாங்கும். எந்த வகையாக மாறும் என்று பட்டியலில் இருக்கும். எந்தச் சுற்றில் மாறும், மாறவே மாறாதா என்பது இருக்காது. அந்த ஒரு கேள்வி போதும்.

நோட்டில் இந்த வாரம் எழுதி வைத்திருக்கும் கார்ச்சாம்ப் இது: ஜாலி, ரஃப் ஸ்கின், தாக்குதலிலும் வேகத்திலும் 252, மிச்சத்தை உயிரில். எர்த்க்வேக், ஸ்வோர்ட்ஸ் டான்ஸ், ஸ்கேல் ஷாட். ஸ்கேல் ஷாட் இரண்டிலிருந்து ஐந்து முறை அடித்துவிட்டு வேகத்தையும் கூட்டிக் கொடுக்கும். தற்காப்பைக் குறைக்கும், பரவாயில்லை. நான்காம் கட்டத்தில் ஃபயர் ஃபாங் என்று எழுதி அழித்து, ஸ்டோன் எட்ஜ் என்று எழுதி, அதையும் அழித்திருக்கிறேன். முன்னதை வைத்தால் டோகெகிஸிடம் தோற்பேன். பின்னதை வைத்தால் ஸ்கார்மரியிடம். சனிக்கிழமை அதே பழைய நண்பனோடு ஆட்டம் இருக்கிறது. அவன் இன்னமும் அந்தப் பறவையை வைத்திருக்கிறானா என்று கேட்கவில்லை. கட்டம் பென்சிலில்தான் இருக்கிறது.

(தொடரும்)