முழங்கால் கசியிழையமும் அது சுமக்கும் பாரமும்

"முழங்கால் தேஞ்சி போயித்தாம், இனி நடக்கப்படாதாம்." அறுபது தாண்டிய உம்மாமார் உள்ள வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. இதன் முதற்பாதி அரைகுறை உண்மை. பிற்பாதிதான் ஆளைக் கதிரையில் இருத்திவிடுகிறது.

தேய்மானம் என்றதும் நமக்குச் செருப்பின் அடியும் வாகன டயரும் நினைவுக்கு வருகின்றன. பாவிக்கப் பாவிக்கக் குறையும், எடுத்து வைத்தால் மிஞ்சும். மூட்டில் இந்தக் கணக்குச் சரிவராது. என்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் கசியிழையம் (இந்தியப் புத்தகங்களில் குருத்தெலும்பு) உயிருள்ள பொருள். அதற்குள் கலங்கள் உண்டு, ஆனால் வெகு சொற்பம். கனவளவில் நூற்றுக்கு இரண்டு மூன்று இருந்தாலே பெரிது. மிச்சமெல்லாம் அந்தக் கலங்கள் தாமே கட்டி வைத்த சுற்றுப்பொருள்: கொலாஜன் நார்வலை, அந்த வலைக்குள் சிக்கி நின்று நீரைப் பிடித்து வைக்கும் அக்ரிகன் என்ற பெரிய மூலக்கூறு, பிறகு நீர். நிறையில் 65 முதல் 80 வீதம் வரை நீர்தான்.

இவ்விழையத்துக்குக் குருதிக்கலன் கிடையாது. நரம்பும் கிடையாது. இரத்தம் போகாத இடத்துக்குச் சாப்பாடு எப்படிப் போகும்? மூட்டு நீரிலிருந்துதான். காலை ஊன்றும்போது நீர் வெளியே கசிகிறது, எடுக்கும்போது உள்ளே ஊறுகிறது. போசணை உள்ளே பரவ இந்த அமுக்கமும் தளர்வும் துணை நிற்கின்றன.

பாரம் கலத்துக்குச் செய்தியும் சொல்கிறது. கலமென்சவ்வில் நுண்ணிய வாயில்கள் உள்ளன. சவ்வு இழுபட்டால் அவை திறந்து கல்சியம் உள்ளே நுழையும். பீசோ எனப்படும் வாயில்களை 2010 இல் அடையாளம் காட்டியவர்களுள் முதன்மையானவர் பெய்ரூத்தில் பிறந்து அமெரிக்காவில் பணிபுரியும் ஆர்தெம் பதபூட்டியன். 2021 இல் நோபல் பரிசை இன்னொருவருடன் பகிர்ந்துகொண்டார். கசியிழையக் கலங்களில் பீசோ 1, பீசோ 2 இரண்டும் இருக்கின்றன. டிஆர்பிவி 4 என்ற வேறொரு வாயிலும் இருக்கிறது. நடைபோன்ற மிதமான, விட்டு விட்டு வரும் அமுக்கத்துக்கு டிஆர்பிவி 4 திறக்கிறது. கலம் புதிய சுற்றுப்பொருளைக் கட்டுகிறது. அளவு மீறிய அழுத்தத்துக்குப் பீசோ திறக்கிறது. கல்சியம் வெள்ளமாய்ப் புகுந்து கலம் சாகவும் கூடும். சாகாமல் தப்பும் கலங்களும் போக்கு மாறுகின்றன. கொலாஜனையும் அக்ரிகனையும் வெட்டும் நொதியங்களைச் சுரக்கத் தொடங்குகின்றன. ஆக, கட்டிய கையே உடைக்கிறது.

உடைந்த துணுக்குகள் மூட்டின் உள்ளுறையை உறுத்துகின்றன. அது வீங்கிச் சுரக்கும் இரசாயனங்கள் திரும்பவும் கலங்களைக் கெடுக்கின்றன. மெலிந்த இழையத்தில் பாரம் இன்னும் கடுமையாக விழுகிறது. ஒஸ்டியோஆர்த்ரைட்டிஸ் என்பது இந்தச் சுழல்தான். நரம்பில்லாத இடமாதலால் தொடக்கத்தில் ஒன்றும் தெரியாது; பின்னாளில் நோவது அடியிலுள்ள என்பும் உள்ளுறையும். எக்ஸ்ரேயிலும் கசியிழையம் தெரியாது, என்புகளுக்கிடையே உள்ள இடைவெளிதான் தெரியும்.

எது அளவு மீறிய பாரம்? பந்து விளையாட்டில் முழங்காலின் உள்நாண் அறுந்த இளைஞர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு 10 முதல் 20 வருடங்களில் இந்நோய் வருகிறது. நாள்முழுக்கக் குந்தியிருந்து பாரம் தூக்கும் தொழில்களும் ஆபத்தானவை. உடல் எடை ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்கால் சுமப்பது நாலு கிலோவால் குறைகிறது. அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் ஆய்வில், பத்தாண்டில் ஐந்து கிலோவளவு மெலிந்த பெண்களுக்கு முழங்கால் நோவுடன் இந்நோய் வரும் வாய்ப்புப் பாதிக்கு மேல் குறைந்தது. ஆனாலும் பருமனானவர்களுக்குக் கைவிரல் மூட்டிலும் இது கூடுதலாக வருகிறது. விரலால் யாரும் நடப்பதில்லையே! கொழுப்பிழையம் சுரப்பவற்றுக்கும் இதில் பங்குண்டு.

பாரமே இல்லாவிட்டாலோ? முள்ளந்தண்டு முறிந்து கால் இயங்காதவர்களை ஆராய்ந்தபோது, ஒரு வருடத்துக்குள்ளேயே முழங்கால் கசியிழையம் மெலிந்திருந்தது. கதிரையில் இருத்திய உம்மாவுக்குத் தொடைத் தசையும் வாடும். அதிர்ச்சியைத் தாங்க வேண்டிய தசை தளர்ந்தால் அந்தப் பாரமும் மூட்டின்மேல்தான் விழும்.

பள்ளியில் கதிரைகள் கூடி வருவதையும் இங்கே சொல்ல வேண்டும். நின்று தொழ முடியாவிட்டால் இருந்தும், அதுவும் முடியாவிட்டால் சாய்ந்தும் தொழும்படி இம்ரான் இப்னு ஹுஸைன் (ரழி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் சொல்லிக்கொடுத்த சலுகை யாவரும் அறிந்தது. சுஜூதுக்கு முழங்கால் மடங்காதவர் கதிரையை நாடுவதில் குறையில்லை. பள்ளிவரை நடந்து வந்தவர் தக்பீரிலிருந்து ஸலாம்வரை இருந்தே தொழ வேண்டுமா என்பதுதான் கேள்வி. நிற்க முடிந்தவருக்குப் பர்ளுத் தொழுகையில் நிற்பது ருக்னு. அந்த நிலையும் நடையும் முழங்காலுக்குத் தேவையான பாரமே.

எவ்வளவு நடக்கலாம் என்பதற்கு ஒரு கைக்கணக்குண்டு. நடந்தபின் கூடிய நோவு அடுத்த நாளுக்குள் பழைய நிலைக்கு வந்தால் அந்த அளவு தாங்கும். முழங்கால் வீங்கினாலோ, நோவு மறுநாளும் நின்றாலோ தூரத்தைக் குறைத்துக்கொண்டு நடக்கலாம்.