மூளையின் ஆழத்துக்கு ஒரு மரபணு

ஏஏடிசி என்ற நொதி குறைபாட்டுடன் பிறக்கும் குழந்தைக்கு மாதங்கள் பல கடந்தும் தலை நிற்பதில்லை. உடல் துவண்டு கிடக்கும். அவ்வப்போது கண்கள் மேலே செருகி, கைகால்கள் முறுக்கிக்கொண்டு, மணிக்கணக்கில் அப்படியே இருக்கும். வலிப்பு என்றோ மூளை வாதம் என்றோ கருதிப் பல ஆண்டுகள் வேறு மருந்து கொடுக்கப்படுவதும் உண்டு. ஸ்கேன் படத்தில் மூளை பெரும்பாலும் இயல்பாகவே தெரியும். பழுது ஒரே ஒரு மரபணுவில்தான். அது சரியில்லாததால் டோபமைன், செரட்டோனின் ஆகிய இரண்டையும் மூளையால் தேவையான அளவு தயாரிக்க முடிவதில்லை. இந்த நோய் முதன்முதலில் லண்டனில் 1990இல் விவரிக்கப்பட்டது.

இதற்கு மரபணுச் சிகிச்சை சாத்தியமானதில் முக்கியப் பங்கு கிரிஸ்டோஃப் பாங்கியெவிச் என்ற நரம்பியல் அறிவியலாளருடையது. போலந்தில் மருத்துவம் படித்து, அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களில் ஆய்வைத் தொடங்கி, சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்திலும் பின்னர் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றியவர். அவர் முதலில் எடுத்துக்கொண்டது பார்க்கின்சன் நோய். அந்த நோய் முற்ற முற்ற மூளையில் இதே நொதி குறைகிறது. அதனால் லெவோடோபா மாத்திரையின் பலனும் குறைகிறது. நொதிக்கான மரபணுவையே மூளைக்குள் வைத்துவிட்டால் என்ன என்பது அவருடைய கேள்வி. நரம்பு செல்கள் பிரிந்து பெருகுவதில்லை என்பதால், ஒருமுறை உள்ளே சென்ற மரபணு நீண்ட காலம் வேலை செய்யும். சுமந்து செல்ல, தன் சொந்த மரபணுக்கள் நீக்கப்பட்ட ஏஏவி என்ற வைரஸ் இருந்தது.

சிக்கல், அதை உரிய இடத்தில் சேர்ப்பதில் இருந்தது. ரத்தத்தில் செலுத்தினால் மூளையின் பாதுகாப்புத் தடுப்பு அதை உள்ளே விடாது. மண்டையோட்டில் துளையிட்டு ஊசியால் செலுத்தினால், மருந்து ஊசிமுனையைச் சுற்றிச் சிறிதளவே பரவும், அல்லது ஊசியின் தடத்திலேயே மேலே வழிந்துவிடும். பார்க்கின்சன் நோயாளிகளிடம் நடந்த தொடக்க காலச் சோதனையில் சிகிச்சை பாதுகாப்பானது என்று தெரிந்தது. ஆனால் இலக்கின் ஒரு பகுதிக்கு மட்டுமே மருந்து போய்ச் சேர்ந்திருந்தது. மெல்லிய அழுத்தத்தில் மிக மெதுவாகச் செலுத்தினால் திரவம் செல்களின் இடைவெளி வழியாக ஊறிப் பரவும். ஒசூர் ரோஜாத் தோட்டங்களில் சொட்டுநீர் வேர்ப்பகுதி முழுவதையும் நனைப்பது போல. இந்த முறையைக் கண்டவர்கள் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களின் ஆய்வாளர்கள். மருந்து பின்னால் வழியாமல் தடுக்கப் படிபோன்ற முனையுள்ள குழாயை உருவாக்கி, எம்ஆர்ஐயில் தெரியும் கடோலினியத்தையும் மருந்தோடு கலந்து, அது பரவுவதை அறுவையின்போதே கண்ணால் பார்க்கும்படி செய்தது பாங்கியெவிச் குழு. மருந்தைக் கண்டுபிடிப்பதற்குச் சமமான சாதனை இது.

2021இல் பாங்கியெவிச் குழு வெளியிட்ட முடிவுகள் அதைக் காட்டின. ஏஏடிசி குறைபாடுள்ள, 4 முதல் 9 வயது வரையிலான 7 குழந்தைகளுக்கு, டோபமைன் செல்கள் இருக்கும் நடுமூளையிலேயே மரபணு செலுத்தப்பட்டது. மூன்றே மாதங்களில் 6 பேருக்குக் கண் செருகுவது முற்றிலும் நின்றது. ஓராண்டில் 6 பேருக்குத் தலை நின்றது. 4 பேர் தாங்கலின்றி உட்கார்ந்தார்கள். தைவானில் வூ-லியாங் ஹ்வூ குழு வேறொரு பகுதியில் செலுத்திய சிகிச்சை 2022இல் ஐரோப்பாவிலும் 2024 நவம்பரில் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. மூளைக்குள் நேரடியாகச் செலுத்தும் மரபணுச் சிகிச்சைக்கு அமெரிக்காவில் கிடைத்த முதல் அனுமதி அதுதான்.

இந்த நோய் வர, பழுதான மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் வர வேண்டும். சொந்தத்தில் மணம் முடிப்பவர்களிடம் அதற்கான வாய்ப்பு கூடுகிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 28 விழுக்காடு, கர்நாடகத்தில் 27 விழுக்காடு பெண்கள் ரத்த உறவில் மணமானவர்கள். தாய்மாமன் முறை இன்றும் தொடரும் ஒசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குடும்பங்களுக்கு எனவே இது தொலைதூரச் செய்தி அல்ல.

இந்தியாவில் மரபணுச் சிகிச்சை புதிதும் அல்ல. வேலூர் சிஎம்சி மருத்துவமனை 5 ஹீமோஃபீலியா நோயாளிகளுக்குச் செய்த சிகிச்சையின் முடிவுகள் 2024இல் வெளியாயின. மூளைக்கான சிகிச்சை பல கோடி ரூபாய் விலையில் இருப்பது பெரும் தடைதான். ஆனால் நோயைக் கண்டறிய அவ்வளவு செலவில்லை. காய்ந்த ரத்தத் துளியில் செய்யும் சோதனை முதல் துப்பைத் தரும், மரபணுப் பரிசோதனை உறுதிசெய்யும். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை ஒசூரிலிருந்து 40 கிலோமீட்டருக்குள் ஒசூர் சாலையிலேயே இருக்கிறது. தலை நிற்காமல், கண் செருகிக் கிடக்கும் குழந்தைக்கு வலிப்பு மாத்திரையோடு நின்றுவிடாமல் பெற்றோர் அங்கே மரபணுப் பரிசோதனை பற்றிக் கேட்க வேண்டும். சொந்தத்தில் மணமானதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.